ஏலக்காயைப் பார்க்கும் கண்: ஒளி டயோடுக்கு எந்த ஆப்-ஆம்ப்?

சங்க மலருக்கு வழக்கமாக நான் பழைய முகத்தல் அளவை, நிறுத்தல் அளவை, கல்வெட்டு என்று எதையாவது எழுதிக் கொடுப்பேன். இந்த முறை மலர்க் குழுவினர், "ஐயா, நம்ம பிள்ளைங்க எல்லாம் இன்ஜினியரிங் படிக்குதுங்க, அவங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் இன்ஜினியர் அல்லன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு அரிசி மண்டிக்கு வந்தவன். ஆனால் பொழுது சாயும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு எங்களுடையது. ஆகவே மாலை நேரம் நீளமாகக் கிடக்கும். அதில் படித்ததுதான் எல்லாம். படித்ததைச் சோதித்துப் பார்க்கும்படி 2019இல் ஒரு சங்கடம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். தவறு இருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

பாலக்காட்டில் அரிசி வியாபாரம் செய்பவர்களுக்கு சார்ட்டெக்ஸ் என்ற சொல் தெரியாமல் இருக்காது. அது உண்மையில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயர். இன்று அது ப்யூலர் என்ற சுவிட்சர்லாந்துக் குழுமத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் நம் மண்டிகளில் கறுப்பு அரிசியையும் கல்லையும் பொறுக்கித் தள்ளும் எந்த மெஷினுக்கும் சார்ட்டெக்ஸ் என்றே பெயர். 'சார்ட்டெக்ஸ் அரிசி' என்று மூட்டையிலேயே அச்சடித்து விற்கிறோம். இதே வகை மெஷின்தான் இடுக்கி மலையில் ஏலக்காய் ஸ்டோர்களிலும், போடிநாயக்கனூர் வியாபாரிகளிடமும் வேலை செய்கிறது. வண்டன்மேட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு பங்கு ஸ்டோர் உண்டு. அங்கே நான் வைத்திருந்தது வேறொரு கம்பெனியின் பழைய மெஷின். இரண்டாம் கையாக வாங்கியது.

ஏலக்காய்க்கு விலை நிர்ணயிப்பவை இரண்டு: பருமன், நிறம். பருமனைச் சல்லடை பார்த்துக்கொள்ளும், எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று ஓட்டையின் அளவிலேயே பிரிந்துவிடும். நிறத்தைத்தான் கண் பார்க்க வேண்டும். நல்ல பச்சைக் காயோடு வெளுத்த காய் நூற்றுக்கு நாலைந்து கலந்திருந்தாலும் ஏலத்தில் கையை விட்டு அள்ளிப் பார்ப்பவன் முகம் சுளிப்பான். முன்பெல்லாம் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து ஜீப்பில் காலையில் மலையேறி வரும் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பொறுக்குவார்கள். எங்கள் ஸ்டோரில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மெஷின் வந்தபின் நாலு பேர். இதை எழுதும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

இனி மெஷினின் கண்ணுக்கு வருவோம். 2020இல் கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப் ஒன்று வீடு தவறாமல் வந்து சேர்ந்ததே, நினைவிருக்கும். அதன் ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இரண்டும் மாறி மாறி மினுக்கும். எதிர்ப்பக்கம் ஓர் ஒளி டயோடு, விரலைக் கடந்து வந்த வெளிச்சத்தை அளக்கும். இரண்டு வெளிச்சங்களின் விகிதத்தைப் பார்த்து இரத்தத்தின் நிறத்தைச் சொல்லும். என் மெஷினில் விரலுக்குப் பதிலாக ஏலக்காய்; அகச்சிவப்புக்குப் பதிலாகப் பச்சை. அவ்வளவுதான் வேற்றுமை.

ஏன் சிவப்பும் பச்சையும்? இலைப்பச்சையம் சிவப்பு ஒளியை, அதிலும் 670 நானோமீட்டர் அருகில், நன்றாக விழுங்கிவிடும். ஆகவே சிவப்பு விளக்கில் நல்ல காய் இருட்டாகவும், வெளுத்த காய் வெளிச்சமாகவும் தெரியும். பச்சை விளக்கில் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இராது. பச்சை வெளிச்சத்தைச் சிவப்பு வெளிச்சத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் நல்ல காய். குறைந்தால் காற்றுக் குழாய் 'டப்' என்று ஊதிக் கழிவுப் பெட்டியில் தள்ளிவிடும். இன்று புதிதாக வரும் மெஷின்களில் இந்த வேலையைக் கேமராக்கள் செய்கின்றன. என்னுடையது அதற்கு முந்திய தலைமுறை: ஒவ்வொரு சறுக்குப் பாதைக்கும் ஒரு டயோடு, ஒரு சிறிய போர்டு.

ஒளி டயோடு என்பது வெளிச்சம் பட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுக்கும் சிலிக்கான் துண்டு. ஒரு படிகம் ஒளியையும் மின்னலைகளையும் உணரும் என்பதைக் கருவியாகச் செய்து காட்டி 1904லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அவர் எடுத்துக்கொண்டது கலீனா என்ற ஈயக் கனிமம். இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் டயோடு பிபிடபிள்யூ34. அதன் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். ஒரு மைக்ரோவாட் சிவப்பு வெளிச்சம் பட்டால் ஏறத்தாழ 0.4 மைக்ரோஆம்பியர் தரும். இந்தத் துளி மின்னோட்டத்தை ஒன்று, இரண்டு வோல்ட் அளவுக்கு மாற்றித் தருபவர்தான் ஆப்-ஆம்ப். தமிழில் செயற்பாட்டுப் பெருக்கி என்பார்கள். கடையில் அப்படிக் கேட்டால் கிடைக்காது.

இதை எனக்குப் புரியவைத்தவர் கஞ்சிக்கோட்டில் 1976இல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுகளோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் பாடமாகச் சொன்னதை நான் மண்டிக் கணக்காக மாற்றிக்கொண்டேன். ஆப்-ஆம்ப் என்பது தராசு பிடிப்பவன். அவனுக்கு இரண்டு தட்டுகள். இரண்டும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே அவன் கொள்கை. டயோடு ஒரு தட்டிலிருந்து மின்னோட்டத்தை இழுக்கிறது; தட்டு அசைகிறது. உடனே இவன் தன் வெளியீட்டிலிருந்து ஒரு மின்தடை வழியாக அதே அளவு மின்னோட்டத்தை அனுப்பித் தட்டைச் சமன் செய்கிறான். எவ்வளவு வோல்ட் கொடுத்துச் சமன் செய்தான் என்பதே நமக்குக் கிடைக்கும் அளவு. மின்தடை 1 மெகாஓம் என்றால் 1 மைக்ரோஆம்பியருக்கு 1 வோல்ட். கணக்கு சுலபம்.

சங்கடத்தைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதற்கு முந்திய ஆண்டின் பெருமழை, பிறகு வறட்சி, எல்லாம் சேர்ந்து சரக்கே இல்லாத காலம். ஒவ்வொரு காயும் காசு. அந்த நேரம் பார்த்து ஒரு போர்டு செத்துப்போனது. வெளியூரிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். போர்டில் இருந்தது டிஎல்071 என்ற எட்டுக்கால் ஐ.சி. அதைக் கழற்றிவிட்டு என்இ5534 என்பதைப் போட்டார். "இது பத்து மெகாஹெர்ட்ஸ், பழசு மூணுதான். இரைச்சலும் இதுல ரொம்பக் கம்மி. மெஷினு இனி பறக்கும்" என்றார். அவர் சொன்ன எண்கள் எல்லாம் சரியே. கால்களும் பொருந்தின. மெஷினும் ஓடிற்று.

இரண்டாம் நாள் காலையில் பொறுக்குகிற அக்கா ஒருவர் முந்தானையில் ஒரு கை காயைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். "மொதலாளி, கழிவுல கெடக்குறது பூராம் நல்ல காயி. மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றார். பார்த்தேன். பச்சைப் பசேலென்று நல்ல காய்கள். முன்பு ஒரு மூட்டைக்கு நாலு கிலோ கழிவு விழும். அன்று அந்தப் பாதையில் மட்டும் அதைப் போல மூன்று பங்கு. இன்னொரு வேடிக்கையையும் அவர்தான் கவனித்தார்: "காலையில குளிருக்குள்ள ரொம்பத் தள்ளுது, மத்தியானம் வெயில் ஏறுனா கொஞ்சம் தேவலை." மெஷின் கெட்டுக் கிடந்தால் அவருடைய கூட்டாளிகளுக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

ரிப்பேர்காரர் போனில், "செட்டிங்கைக் குறைங்க சார்" என்றார். குறைத்தால் வெளுத்த காயும் சேர்ந்து உள்ளே வந்தது. பிறகுதான் பெரியவரிடம் போனேன். அவர் போர்டைப் பார்க்கவேயில்லை. "டேட்டா ஷீட்டுல பயஸ் கரண்ட் எவ்வளவுன்னு பாத்தீரா?" என்று மட்டும் கேட்டார்.

பயஸ் கரண்ட் என்பது தராசு பிடிப்பவன் தனக்கென்று தட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும் மின்னோட்டம். டயோடு இழுப்பதோடு சேர்த்து இவன் இழுப்பதையும் மின்தடை வழியாக ஈடுகட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்திலோ இரண்டும் சேர்த்து 'வெளிச்சம்' என்றே எழுதப்படும். டிஎல்071இன் வாசலில் இருப்பது எஃப்.இ.டி. வகை, அது இழுப்பது சுமார் 65 பிக்கோஆம்பியர். 1 மெகாஓமில் 65 மைக்ரோவோல்ட்; தூசு. என்இ5534இன் வாசலில் இருப்பது சாதாரண டிரான்சிஸ்டர். சுமார் 500 நானோஆம்பியர் இழுக்கும். 1 மெகாஓமில் அரை வோல்ட்! வெளிச்சமே இல்லாவிட்டாலும் அரை வோல்ட் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லும்.

இப்போது காயின் கணக்கைப் போடுங்கள். நல்ல காய்க்குப் பச்சையில் 2 வோல்ட், சிவப்பில் 1 வோல்ட், விகிதம் 2. வெட்டு எல்லை 1.7 என்று வைத்திருந்தோம். இரண்டிலும் அரை வோல்ட் கூடினால் 2.5ஐ 1.5ஆல் வகுக்க வேண்டும், 1.67. எல்லைக்குக் கீழே போய்விட்டது; காய் கழிவில் விழுந்தது. இருட்டில் வரும் அளவைக் கழித்துக்கொள்ளும் வசதி அந்தப் பழைய போர்டில் கிடையாது. குளிரில் ஏன் அதிகம்? டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் குளிரில் குறையும். ஆகவே அதன் வாசல் மின்னோட்டம் கூடும். வண்டன்மேட்டுக் காலைக் குளிரை அந்த அக்கா மின்னியல் அளவிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. எஃப்.இ.டி. வகைக்கு இது நேர்மாறு: சூடு பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் பயஸ் கரண்ட் ஏறத்தாழ இரட்டிக்கும். உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில் போர்டு 65 டிகிரி வரை சுட்டாலும் 65 பிக்கோ என்பது 1 நானோவாகத்தான் ஆகும், 1 மில்லிவோல்ட். பாதகமில்லை.

ஆக, முதல் கேள்வி வேகம் அல்ல. டயோடு தரும் மின்னோட்டம் எவ்வளவு, அதில் இந்தத் தராசுக்காரன் எவ்வளவு எடுத்துக்கொள்வான் என்பதே முதல் கேள்வி. 1968இல் ஃபேர்சைல்டு கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த புகழ்பெற்ற 741ஐ இங்கே போடலாமா என்று பல மாணவர்கள் கேட்பார்கள், பாடப்புத்தகம் முழுதும் அதுவே இருப்பதால். அது 80 நானோஆம்பியர் எடுக்கும். 80 மில்லிவோல்ட் பிழை. வேகத்திலும் போதாது என்பதைக் கீழே காண்போம்.

வேகம் பற்றி என் மகன் ஒரு சண்டை போட்டான். "அப்பா, பழைய ஐ.சி.யே எதுக்கு? இப்ப ஓபிஏ657ன்னு ஒண்ணு இருக்கு, 1.6 கிகாஹெர்ட்ஸ், எஃப்.இ.டி. வாசல், பயஸ் 2 பிக்கோதான்" என்றான். பயஸ் பாடத்தை அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நமக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதை யாரும் இதுவரை கேட்கவில்லை.

காய் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர், விழுந்து கண்ணின் முன் வருகிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 3 மீட்டர். 8 மில்லிமீட்டர் காய் தன் நீளத்தைக் கடக்க 2.7 மில்லிசெகண்ட் ஆகும். விளக்குகள் ஒவ்வொன்றும் 25 மைக்ரோசெகண்ட் எரிகின்றன. ஒரு சிவப்பு, ஒரு பச்சை சேர்ந்து 50 மைக்ரோசெகண்ட். ஒரு காயை மெஷின் ஐம்பது தடவைக்கு மேல் பார்த்துவிடுகிறது. அக்காவுக்குக் கூட அவ்வளவு நேரம் கிடையாது! இந்த 25 மைக்ரோசெகண்டுக்குள் பெருக்கியின் வெளியீடு ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்துக்கு அடங்கி நிற்க வேண்டும் என்று கணக்கிட்டால் குறைந்தது 45 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். கைக்காவலாக இரட்டிப்பு வைத்து 100 கிலோஹெர்ட்ஸ் என்று கொள்வோம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 100 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், 741 ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆயிற்றே, பத்து மடங்கு இருக்கிறதே என்பார்கள். டேட்டா ஷீட்டில் கெயின்-பேண்ட்வித் என்று போட்டிருக்கும் அந்த எண்ணை நான் வேக எண் என்கிறேன். அது தராசுக்காரனின் கைவேகம். ஆனால் தட்டின் கனம் என்று ஒன்று உண்டே! டயோடு தன் பரப்புக்கு ஏற்ப மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும். இதை மின்தேக்குத்திறன் என்பர். பிபிடபிள்யூ34 சும்மா இருக்கையில் 70 பிக்கோஃபாரட். பெருக்கியின் வாசலும் கம்பிகளும் சேர்ந்து ஒரு பத்து. மொத்தம் 80. கனமான தட்டு மெதுவாகத்தான் அசையும். சமன் செய்வதும் மெதுவாகத்தான் நடக்கும்.

கணக்கு இது: மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கு, அதை 6.28ஆல் பெருக்கு, பிறகு வேண்டிய அலைவெண்ணால் இரண்டு முறை பெருக்கு. வருவதே பெருக்கிக்கு இருக்க வேண்டிய வேக எண். இரண்டு முறை என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அலைவெண் இரண்டு மடங்கு வேண்டுமானால் வேக எண் நான்கு மடங்கு வேண்டும். 1 மெகாஓம், 80 பிக்கோஃபாரட், 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் விடை 5 மெகாஹெர்ட்ஸ். 741 எங்கே போகும்? அதன் கையால் 45 கிலோஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், கைக்காவல் ஏதுமில்லை. டிஎல்071இன் 3 மெகாஹெர்ட்ஸும் இங்கே போதவில்லை.

அப்படியானால் மெஷின் செய்தவன் டிஎல்071ஐ வைத்து எப்படி ஓட்டினான்? டயோடுக்குப் பின்னோக்கிய வோல்ட் கொடுத்தான். 3 வோல்ட் பின்னோக்கிக் கொடுத்தால் பிபிடபிள்யூ34இன் மின்தேக்குத்திறன் 70இலிருந்து 25 ஆகச் சுருங்கிவிடும். வாசல் பத்தும் சேர்ந்து 35. இப்போது கணக்குப் போட்டால் 2.2 மெகாஹெர்ட்ஸ் போதும். டிஎல்071 உள்ளே வந்துவிட்டது. உண்மையில் 117 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். விலை கூடிய ஐ.சி. வாங்காமல், தட்டின் கனத்தைக் குறைத்தே காரியம் சாதித்திருக்கிறான். முகம் தெரியாத அந்த வடிவமைப்பாளனை நான் அன்று மனதாரப் பாராட்டினேன். பின்னோக்கிய வோல்ட் கொடுத்தால் இருட்டிலும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும் என்பது உண்மை. பிபிடபிள்யூ34இல் அது சில நானோஆம்பியர். நம் 1 மைக்ரோஆம்பியருக்கு முன்னால் பொருட்டல்ல. நட்சத்திர வெளிச்சம் அளப்பவருக்குப் பொருட்டாகும். அவர் வோல்ட் கொடுக்காமல், வேகத்தை விட்டுக்கொடுத்துப் போவார்.

மின்தடைக்கு இணையாக ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் போடுவதையும் சொல்ல வேண்டும். தராசு முள் ஆடும்போது விரலால் மெல்லத் தொட்டு நிறுத்துகிறோம் அல்லவா, அந்த வேலை அதற்கு. இல்லாவிட்டால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் வெளியீடு எகிறிக் குதித்து ஆடும். மோசமானால் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருக்கும். அளவு: மின்தேக்குத்திறனை 3.14, மின்தடை, வேக எண் மூன்றின் பெருக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிஎல்071க்கு 1.9 பிக்கோஃபாரட் வருகிறது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் 2.2 என்று ஒரு சின்னச் செராமிக் ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் படித்த எண் கையில் அகப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதித் தெரிவிக்க முடியாது.

மகனின் 1.6 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தையும் விடவில்லை. ஒன்று வாங்கிச் சோதித்தோம். காகிதத்தில் 2.7 மெகாஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டும். அதற்குக் கெப்பாசிட்டர் 0.08 பிக்கோஃபாரட். அப்படி ஒன்றைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். மின்தடையின் உடம்பிலேயே 0.1, 0.2 பிக்கோஃபாரட் தானாக இருக்கும். 0.2 இருந்தாலே வேகம் 800 கிலோஹெர்ட்ஸில் கட்டுண்டுவிடும். பழைய 2.2ஐ அப்படியே விட்டுவைத்தாலோ வேகம் 72 கிலோஹெர்ட்ஸ்தான், டிஎல்071 தந்ததை விடக் குறைவு! மேலும் மெஷினில் இருப்பது 15 வோல்ட் கூட்டலும் 15 வோல்ட் கழித்தலும். ஓபிஏ657 ஐந்துக்கு ஐந்துதான் தாங்கும். தனியாக ரெகுலேட்டர் வைத்து, டாட் போர்டில் நீளக் கம்பியோடு கட்டினோம். பெரியவரின் பழைய ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது வெளிச்சமே படாமல் தானாகப் பல மெகாஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகமான கைக்கு ஓரங்குலக் கம்பி கூட ஒரு சுமை. அதற்கென்று அடிப்பரப்பு முழுதும் செம்பு விட்ட போர்டு, பவர் காலை ஒட்டியே கெப்பாசிட்டர் என்றெல்லாம் விதிமுறை உண்டு. அதெல்லாம் செய்தாலும் பயன் என்ன? பிபிடபிள்யூ34 எழுந்து நிற்கவே 100 நானோசெகண்ட் எடுத்துக்கொள்ளும், சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்த டயோடே போகாது.

ஓபிஏ657 குறைந்த சரக்கு என்று இதற்குப் பொருளல்ல. அதற்குரிய இடம் வேறு. 100 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டயோடு பொட்டு அளவில் சிறியதாக, வாசலும் சேர்த்து 3 பிக்கோஃபாரட். மின்தடை 10 கிலோஓம். அதே கணக்கில் 1.9 கிகாஹெர்ட்ஸ் வருகிறது. ஓபிஏ657 நெருங்கி வந்தாலும், அதன் வாசலே 5 பிக்கோஃபாரட்டுக்கு மேல் சேர்க்கும். எல்டிசி6268-10 என்பதற்கு வேக எண் 4 கிகாஹெர்ட்ஸ், வாசல் அரை பிக்கோஃபாரட்டுக்கும் குறைவு, அது பொருந்தும். அதே இடத்தில் 35 பிக்கோஃபாரட் பிபிடபிள்யூ34ஐ வைத்தால் 22 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். அப்படியொரு ஆப்-ஆம்பைத் தேடுவது வீண். நம் வீடுகளுக்கு இப்போது வரும் ஃபைபர் இன்டர்நெட்டில் ஒளி நொடிக்கு 248 கோடி முறைக்கு மேல் மாறி வருகிறது. அங்கே ஆப்-ஆம்பையே விட்டுவிட்டு, அந்த வேலைக்கென்றே செய்த தனிச் சில்லைப் போடுகிறார்கள். டயோடும் சிலிக்கான் அல்ல, இண்டியம் காலியம் ஆர்சனைடு.

இரைச்சலைப் பற்றி ரிப்பேர்காரர் சொன்னது மிச்சம் இருக்கிறது. 5534இன் வோல்ட் இரைச்சல் 4 நானோவோல்ட், டிஎல்071க்கு 18. எண்ணைப் பார்த்தால் புதியதே மேல். ஆனால் ஒளிக்கே சொந்தமாக ஓர் இரைச்சல் உண்டு. மழைத்துளி தகரத்தில் விழும் சத்தம் போல, மின்னணுக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதால் உண்டாவது. 1 மைக்ரோஆம்பியர் ஓடும்போது 1 மெகாஓமில் இது சுமார் 570 நானோவோல்ட். மின்தடையின் வெப்ப இரைச்சல் 130 நானோவோல்ட். டிஎல்071இன் 18, தட்டின் கனத்தால் உயர் அலைவெண்ணில் இருபது மடங்கு பெருகினாலும் 360ஐத்தான் தொடுகிறது. ஆக, எங்கள் வேலையில் இரைச்சலில் பெரும்பங்கு வெளிச்சத்தினுடையதே, அமைதியான ஐ.சி.க்குக் கூடுதல் காசு கொடுத்துப் பயனில்லை. வெளிச்சம் நூறில் ஒரு பங்காக இருந்தால் கதை மாறும். அப்போது ஓபிஏ140 போல எஃப்.இ.டி. வாசலும் 5 நானோவோல்ட் இரைச்சலும் உள்ளதைத் தேட வேண்டும்; 11 மெகாஹெர்ட்ஸ், பழைய 15 வோல்ட் சப்ளையிலேயே ஓடும், கால்களும் பொருந்தும். விலை மட்டும் பல மடங்கு.

கடைசியில் பாலக்காட்டுக் கடையிலிருந்து ஐந்து டிஎல்071 வாங்கிப் போனேன். ஒன்றின் விலை இரண்டு மூன்று டீயின் விலை. பழைய ஐ.சி. இருந்த இடத்தில் முதலில் சாக்கெட் வைத்தோம், இனிமேல் ஸாலிடரிங் அயர்ன் இல்லாமலே மாற்றிக்கொள்ள. விளக்கை மூடி இருட்டில் வெளியீட்டை அளந்தேன்: அரை வோல்ட் இருந்த இடத்தில் சில மில்லிவோல்ட். மறுநாள் காலைக் குளிரிலேயே ஒரு மூட்டையை ஓட்டிப் பார்த்தோம். அக்கா கழிவுப் பெட்டியில் கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, நாலைந்து நிமிடம் ஒவ்வொரு காயாகப் புரட்டினார். இரண்டே இரண்டு காயை எடுத்து நல்ல பக்கம் போட்டுவிட்டு, "இப்பச் சரியாப் பாக்குது" என்றார். அதற்கு முந்தின இரண்டு நாள் கழிவையும் அந்த நாலு பேருமே உட்கார்ந்து பொறுக்கி மீட்டுக் கொடுத்தார்கள்.

கழற்றிய 5534ஐ நான் வீசவில்லை. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு எதிரே இருப்பது மெகாஓம் அல்ல, சில நூறு ஓம்கள்தான். அங்கே அரை மைக்ரோஆம்பியர் பயஸ் ஒன்றும் செய்யாது, 4 நானோவோல்ட் அமைதிதான் காதில் கேட்கும். நம் சங்க ஆண்டு விழாவுக்கு வரும் மைக்செட்காரத் தம்பியிடம் கொடுத்தேன். அவருடைய மிக்ஸரில் 'உஸ்' என்று ஒரு சேனல் இரைந்துகொண்டிருந்தது; அதில் போட்டுக்கொண்டார்.